“தேதி தள்ளிப் போகுமாமே, சார்?”

கணக்கு எழுதித் தருவோரும் கடைசி நாள் ஆசாமிகளும்

2024-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி. புதன்கிழமை.

அன்று ஒரே நாளில் இந்தியா முழுவதும் 69 லட்சத்து 92 ஆயிரம் வருமான வரிக் கணக்குகள் தாக்கல் ஆயின. அதிலும் மாலை 7 மணி முதல் 8 மணி வரை, அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 5 லட்சத்து 7 ஆயிரம் கணக்குகள்!

காரணம் என்ன? அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு மணி 12 அடித்தால் கெடு முடிந்தது.

அந்த ஆண்டு கணக்குக் கொடுக்க ஏப்ரல் 1-ந் தேதியே வழி திறந்து விட்டார்கள். முழுசாக நான்கு மாத அவகாசம். அப்படியும், கெடுவுக்குள் கணக்குக் கொடுத்த 7 கோடியே 28 லட்சம் பேரில், ஏறக்குறைய பத்துக்கு ஒருவர் கடைசி நாள் வரை கையைக் கட்டிக் கொண்டு இருந்திருக்கிறார்!

மாலை 7 மணி என்றால் தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஆபீஸ் ஜனங்களை இறக்கி விடும் நேரம் அது. படிகளில் தோளோடு தோள் இடிக்கும். கூட்டம் கிழக்கே சேலையூர் பக்கமும், மேற்கே முடிச்சூர் பக்கமும் பிரிந்து போகும்.

மற்ற நாட்களில் அந்தக் கூட்டம் நேரே வீட்டுக்குப் போகும். ஜூலைக் கடைசியில் மட்டும் அதில் சிலர் வழியில் நின்று ஒரு மாடிப்படி ஏறுவார்கள். படியோரம் ஒரு பலகை தொங்கும். “இங்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரப்படும்.”

அந்த மாடி அறையில் இருப்பவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எல்லோரும் ‘ஆடிட்டர்’தான்!

ஜனங்கள் வாயில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர். ‘ஆடிட்டர்’!

உண்மையில் அவர்களில் பல ரகம் உண்டு. கடினமான பரீட்சைகள் எழுதித் தேறிய பட்டயக் கணக்காளர்கள் ஒரு ரகம். 1949-ல் ஏற்பட்ட அவர்களுடைய சங்கத்தில் பதிவு செய்து கொண்டால்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக் கொள்ளலாம். வரி வழக்குகளைப் பார்க்கும் வக்கீல்கள் இன்னொரு ரகம். கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுத் திண்ணையிலேயே மேஜை போட்டவர்கள் உண்டு. ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கொண்டு, ரயில் டிக்கெட்டோடு வருமான வரியையும் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

2006-ல் மத்திய அரசே ஒரு திட்டம் கொண்டு வந்தது. பட்டதாரி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சிறிய வருமானக்காரர்களுக்குக் கணக்கு எழுதித் தரச் சொன்னது. அவர்கள் வரி கட்டுவோரிடம் வாங்கக் கூடிய கூலி 250 ரூபாய் என்று நிர்ணயம் செய்திருந்தது.

தாம்பரத்தில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சம் இல்லை. ரயில்வேக்காரர்கள் இருக்கிறார்கள். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்று, இங்கேயே வீடு கட்டிக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1984-ல் ஏற்பட்ட ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குரோம்பேட்டை, சிட்லபாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் நாலு வீட்டுக்கு ஒரு ஓய்வூதியர் உண்டு.

இன்னொரு வேடிக்கை! ஊரின் நடுவே போகும் பெரிய சாலைக்கே ‘ஜி.எஸ்.டி. ரோடு’ என்று பெயர். தெற்கே போகும் பெரும் பாட்டை என்று வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பெயரின் சுருக்கம் அது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சரக்கு, சேவை வரி வந்தது. அதற்கும் சுருக்கப் பெயர் ஜி.எஸ்.டி.! “எங்க ஊர் ரோட்டுக்கே வரி போட்டுட்டாங்களா?” என்ற கேலிப் பேச்சு இன்றைக்கும் டீக்கடைகளில் ஓயவில்லை.

கவர்னரின் வேலை போன கதை

வருமான வரி என்பதே நம் நாட்டுக்கு 1860-ல் வந்தது. சிப்பாய்க் கலகத்தினால் காலியான கஜானாவை நிரப்ப, லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதிப் பொறுப்புக்கு அனுப்பினார்கள். அவர் கொண்டு வந்த வரி அந்த ஆண்டு ஜூலை 24-ந் தேதி சட்டம் ஆயிற்று.

அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் ட்ரெவெலியன். அவருக்கு இந்த வரி பிடிக்கவில்லை. எதிர்த்து எழுதினார். எழுதியதைப் பத்திரிகையிலும் போட வைத்து விட்டார்! மேலிடம் சும்மா இருக்குமா? அவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக் கொண்டது. வில்சனும் அதிக நாள் இருக்கவில்லை. அதே ஆகஸ்டு மாதம் கல்கத்தாவில் காலமானார்.

பின்னாளில் அந்த ட்ரெவெலியனே இந்தியாவின் நிதி அமைச்சராகத் திரும்பி வந்தார் என்பது தனிக் கதை. அந்த வரி 1865-ல் நின்றும் போயிற்று. ஆனால் வரி திரும்பி வராமல் இருக்குமா? வந்தது. இருக்கிறது!

மஞ்சள் பையும் மகன் போனும்

கடைசி வாரத்தில் மாடிப்படி ஏறுபவர்கள் எப்படி எப்படி வருவார்கள் என்று பார்ப்போம்.

ஒருவர் மஞ்சள் பையோடு வருவார். பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். எல்.ஐ.சி. ரசீது, பள்ளிக்கூடக் கட்டண ரசீது, மூன்று பாங்குகளின் பாஸ் புத்தகம், போன வருஷத்துக் கரண்ட் பில், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. “எல்லாம் இதுலதான் இருக்கு, நீங்களே பார்த்து எடுத்துக்குங்க” என்பார்.

இன்னொருவர் கையை வீசிக் கொண்டு வருவார். “எனக்கு என்ன சார், சம்பளம் ஒண்ணுதான்!” ஆனால் இப்போது வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. 2021-ல் வந்த ஏற்பாடு இது. எந்த பாங்கில் எவ்வளவு வட்டி வந்தது, எந்தப் பங்கை விற்றார், எந்த நிலத்தை வாங்கினார் என்பதெல்லாம் அதில் வரிசையாக வந்து நிற்கும். ஆடிட்டர் அதைத் திறந்து காட்டுவார். சம்பளம் ஒன்றுதான் என்றவருக்கு முகம் வேர்க்கும். “அது வீட்டுக்காரி நகையை வித்து என் பேர்ல போட்ட டெபாசிட் சார்...” என்று இழுப்பார்.

மூன்றாவது ரகம் ஓய்வு பெற்ற பெரியவர். தாளெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பார். தவறே இருக்காது. ஆனால் கடைசியில் ஒரு முடிச்சு விழும். கணக்கை அனுப்பிய பிறகு, “இது நான் கொடுத்த கணக்குத்தான்” என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு அவருடைய ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். சில நிமிடங்களுக்குத்தான் அந்த எண் செல்லும்.

“போன் எங்கே, மாமா?”

“அந்த நம்பரு பையன்கிட்ட இருக்குப்பா. அவன் அமெரிக்காவுல இருக்கான்.”

இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே அவன் ஆபீசுக்குப் போகிற நேரம். ரயிலில் இருப்பான், காரில் இருப்பான், மீட்டிங்கில் இருப்பான். அவன் பார்த்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் தாண்டி விடும். மறுபடியும் எண்ணைக் கேட்க வேண்டும். மறுபடியும் போன்!

பாங்குகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததால் வந்த தொல்லை வேறு. அலகாபாத் பாங்கு 2020 ஏப்ரல் 1-ந் தேதி இந்தியன் பாங்கோடு சேர்ந்தது. அதே நாளில் சிண்டிகேட் பாங்கு கனரா பாங்கோடும், ஆந்திரா பாங்கு யூனியன் பாங்கோடும் சேர்ந்தன. நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கு அந்த ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். பாங்கோடு சேர்ந்தது. இவற்றின் பழைய கிளைக் குறியீடுகள் செல்லாமல் போய் விட்டன. பாஸ் புத்தகத்தில் பழைய குறியீடு, இணையதளத்தில் புதிய குறியீடு. திருத்தாமல் விட்டால் திருப்பி வர வேண்டிய பணம் போன வழியே திரும்பிப் போகும்! இதைத் திருத்தி, பாங்கு சரிபார்த்துச் சொல்ல ஒன்றிரண்டு நாள் பிடிக்கலாம். அந்த ஒன்றிரண்டு நாள் கடைசி இரவில் யாரிடம் இருக்கிறது?

இன்னும் ஒரு பேர்வழி உண்டு. அவர் ஜூலையிலேயே தெருவில் அகப்படுவார். “என்னண்ணே, கணக்கு?” என்று கேட்டால் பதில் தயார். “ஆடி மாசத்துல எதுக்கு தம்பி? ஆடி போகட்டும்!” என்பார். ஆடி முடிவது ஆகஸ்டு நடுவில். கெடு முடிவதோ ஆடி பாதியில்! துணிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் அண்ணன் முதல் ஆளாக நிற்பார்.

பழக்கம் எப்படி வந்தது?

ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்களைக் கெடுத்ததில் சர்க்காருக்கும் பங்கு உண்டு என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

2015 முதல் 2021 வரை ஏழு ஆண்டுகளைப் பாருங்கள். ஜூலை 31 என்ற கெடு ஓர் ஆண்டிலாவது நிலைத்ததா? இல்லை! 2016-லும் 2017-லும் ஆகஸ்டு 5 வரை போயிற்று. 2018-லும் 2019-லும் ஆகஸ்டு 31. கொரோனா வந்த 2020-ஆம் ஆண்டின் கெடு, தள்ளித் தள்ளி 2021 ஜனவரி 10-ந் தேதியில் போய் நின்றது. 2021 ஜூனில் புதிய இணையதளம் திறந்தார்கள். திறந்த நாளிலிருந்தே அதில் கோளாறு. நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், அதைச் செய்து கொடுத்த இன்போசிஸ் கம்பெனியின் தலைமை நிர்வாக அதிகாரியையே டில்லிக்கு அழைத்து விளக்கம் கேட்டார். அந்த ஆண்டுக் கெடு டிசம்பர் 31!

ஏழு வருஷம் இப்படி நடந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? “எப்படியும் தள்ளுவாங்க” என்றுதான் நினைப்பார்கள்.

2022-ல் தள்ளவில்லை! ஜூலை 31 ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரே நாளில் 72 லட்சத்து 42 ஆயிரம் கணக்குகள் குவிந்தன. 2023-லும் தள்ளவில்லை. கடைசி நாளில் 64 லட்சத்து 33 ஆயிரம். 2024-லும் தள்ளவில்லை. ஆனாலும், “தேதி தள்ளிப் போகுமாமே, சார்?” என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு புரளி வரும். அதை நம்பி நூறு போன் வரும்.

மாதச் சம்பளக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி, கம்பெனி ஒரு சான்று தர வேண்டும். ‘படிவம் 16’ என்று சொல்லி வந்தது அதைத்தான். அதைத் தருவதற்குக் கம்பெனிக்கு ஜூன் 15 வரை நேரம் கொடுத்திருந்தார்கள். ஆகையால் நான்கு மாதம் என்பது பெயருக்குத்தான். உண்மையில் கையில் இருப்பது ஒன்றரை மாதம்.

ஆடிட்டருக்கு அந்த ஒன்றரை மாதமும் முழுசாகக் கிடைக்காது. கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு மாதா மாதம் 11-ந் தேதியும் 20-ந் தேதியும் வந்து விடும். கம்பெனிகள் பிடித்த வரிக்கான காலாண்டுக் கணக்குக்கும் கெடு எது தெரியுமா? அதே ஜூலை 31!

ஒரு நாள் தாமதம்: ரூ.46,600!

“தாமதம் ஆனால் என்ன? ஐயாயிரம் அபராதம். கட்டிட்டுப் போறேன்” என்று சொல்பவர்கள் உண்டு. அபராதம் அவ்வளவுதான். வருமானம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ரூ.5,000. தாண்டாவிட்டால் ரூ.1,000.

ஆனால் அதை விடப் பெரிய நஷ்டம் ஒன்று மறைந்திருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வருமான வரியில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. பழைய முறையில் வீட்டுக் கடன் வட்டி, வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி. முதலியவற்றைக் கழிக்கலாம். புதிய முறையில் வரி விகிதம் குறைவு. ஆனால் இந்தக் கழிவுகள் கிடையா. 2023-24 நிதியாண்டு முதல், ஒருவர் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று ஆக்கி விட்டார்கள். “எனக்குப் பழைய முறை வேண்டும்” என்று கேட்கும் சம்பளக்காரர், கெடுவுக்குள் கணக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். ஒரு நாள் தாண்டினாலும் கிடைக்காது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆண்டில் ஒருவருக்குச் சம்பளம் 9 லட்சம் ரூபாய். மாடம்பாக்கத்தில் கடன் வாங்கி வீடு கட்டி, அதிலேயே குடியிருக்கிறார்.

பழைய முறைப்படி, சம்பளக்காரர்களுக்கு உள்ள பொதுக் கழிவு 50 ஆயிரம். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம். வைப்பு நிதியும் எல்.ஐ.சி.யும் சேர்ந்து ஒன்றரை லட்சம். எல்லாம் போக மிச்சம் 5 லட்சம். அதற்கு உரிய வரி 12,500. 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அந்த 12,500-ஐயும் தள்ளுபடி செய்து விடுவார்கள். ஆக, வரி பூஜ்யம்!

அதே மனிதர் 2024 ஆகஸ்டு 1-ந் தேதி கணக்குக் கொடுக்கப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இப்போது புதிய முறைதான். 9 லட்சத்தில் பொதுக் கழிவு 50 ஆயிரம் போக, 8 லட்சத்து 50 ஆயிரம். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 3 லட்சத்துக்கு 5 சதவீதம், 15 ஆயிரம். மிச்சம் இரண்டரை லட்சத்துக்கு 10 சதவீதம், 25 ஆயிரம். மொத்தம் 40 ஆயிரம். அதன் மேல் 4 சதவீதம் கூடுதல் தீர்வை 1,600. ஆக 41,600 ரூபாய். தாமத அபராதம் 5,000. கூட்டினால் ரூ.46,600! இதற்கு வட்டி தனி.

பூஜ்யம் எங்கே, நாற்பத்தாறாயிரத்து அறுநூறு எங்கே! இடையில் இருப்பது ஒரே ஓர் இரவு.

அந்த இரவில் இதைப் போன்ற பத்துப் பேரின் கணக்கு ஆடிட்டரின் மேஜையில் இருக்கும். அவர் வாங்கும் கூலி ஐந்நூறோ ஆயிரமோ. ஆனால் அவர் கையில் இருப்பது ஒரு குடும்பத்தின் அரை மாதச் சம்பளத்துக்கு மேல். அவருக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியம் உண்டா?

கணக்கை அனுப்பி விட்டால் மட்டும் போதாது. 2022 ஆகஸ்டு முதல், அனுப்பிய 30 நாளுக்குள் மேலே சொன்ன ரகசிய எண் மூலமாவது, தாளில் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்குத் தபாலில் அனுப்பியாவது உறுதி செய்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். முன்பு 120 நாள் இருந்தது. 30 நாள் தாண்டி உறுதி செய்தால், உறுதி செய்த தேதியில்தான் கணக்குக் கொடுத்ததாக எடுத்துக் கொள்வார்கள். ஜூலை 31-ல் அனுப்பியவரும் அப்போது தாமதக்காரர்தான்! நள்ளிரவில், “நம்பர் அப்புறம் சொல்றேன் சார்” என்று படி இறங்கியவர்கள் இதில்தான் மாட்டிக் கொள்கிறார்கள்.

“எதையாவது போட்டு விடுங்க!”

கடைசி நேரத்து அவசரத்தில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. கையில் ரசீது இல்லை. தேட நேரம் இல்லை. “பக்கத்து சீட்டுக்காரருக்கு நாற்பதாயிரம் திரும்பி வந்துதாம். எனக்கும் எதையாவது போட்டு விடுங்க சார்” என்பார் வந்தவர்.

நேர்மையான ஆடிட்டர் மாட்டேன் என்பார். வந்தவருக்குக் கோபம் வரும். இறங்கி எதிர்க் கடைக்குப் போவார். அங்கே ‘போட்டு விடும்’ ஆசாமி காத்திருப்பான். கொடுக்காத நன்கொடை, வராத வியாதி, வாங்காத கடன் எல்லாவற்றையும் எழுதிப் பணத்தைத் திருப்பி வாங்கித் தருவான். வருவதில் அவனுக்கு ஒரு பங்கு!

இது நெடுநாள் நடக்கவில்லை. 2025 ஜூலை 14-ந் தேதி வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்திய நான்கு மாதத்தில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர் தாங்களாகவே முன்வந்து கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக் கொண்டதாகத் துறை அறிவித்தது.

அந்த அறிவிப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. இந்த ஆசாமிகள் மொத்தமாகக் கணக்கு அனுப்புவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்குகிறார்களாம். வேலை முடிந்ததும் அதை அப்படியே விட்டு விடுகிறார்கள். பின்னால் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால், அது யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் போய் விழும். கணக்குக்காரருக்கோ ஒன்றும் தெரியாது. ஒரு நாள் தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே யாரிடம் கணக்குக் கொடுத்தாலும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்பிய கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஆடிட்டர் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்துக் கொண்டால் வேறு மாடிப்படியைப் பாருங்கள்!

சமாளிக்கும் வித்தைகள்

பல வருஷம் அடிபட்டவர்கள் சில தந்திரங்கள் கற்றிருக்கிறார்கள்.

சிலர் ஜூலை 20-ஐயே கடைசி நாள் என்று பலகையில் எழுதி மாட்டி விடுவார்கள். 25-க்கு மேல் வந்தால் கூலி ஒன்றரை மடங்கு. ஆனால் தெரிந்தவர்களிடம் அந்தப் பலகை செல்லாது. கோயிலில் பார்க்கும் மாமா, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் டீச்சர், எதிர் வீட்டு அக்கா ஆகியோரிடம் எப்படி ஒன்றரை மடங்கு கேட்பது?

சிலர் சென்ற வருஷத்துக் கணக்கை எடுத்து, இந்த வருஷத்துக்கு என்ன தாள் வேண்டும் என்று ஒரு சிட்டையாக எழுதி ஏப்ரலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மேயில் ஒரு முறை. ஜூனில் ஒரு முறை. ஜூலையில் தினமும்! பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று வரும். தாள் வராது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. கணவருக்கு அனுப்பாமல் வீட்டம்மாவுக்கு அனுப்புவது! “அம்மா, இந்த மாசத்துக்குள்ள தராவிட்டா நாற்பதாயிரம் போயிடும்” என்று ஒரு வரி போதும். மறு நாள் காலை 8 மணிக்குத் தாள் வந்து சேரும். பீரோவில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தானே தெரியும்?

முதலில் முக்கால் கணக்கை முடித்து வைத்துக் கொள்வதும் ஒரு வழி. தகவல் அறிக்கையில் உள்ளதை எல்லாம் முன்பே நிரப்பி விடுவார்கள். ஆள் வந்ததும் மிச்சத்தைப் போட்டு, பத்து நிமிடத்தில் அனுப்பி விடலாம். கூட்டம் அதிகமானால் ஆஸ்பத்திரியைப் போல டோக்கன் கொடுப்பார்கள். தொழில் பழகும் பையன்களும் பெண்களும் இரவு தங்குவார்கள். பரோட்டாப் பொட்டலம் வரும். பிளாஸ்கில் டீ வரும். இணையதளம் அசைய மறுக்கும் போது, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து முயன்று பார்ப்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் நெரிசல் குறைவு.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ‘சரள்’ என்று ஒரே பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. நிரப்பிக் கொண்டு நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவனுக்குப் போய், வரிசையில் நின்று, முத்திரை குத்திய ரசீது வாங்கி வருவார்கள். கடைசி நாட்களில் தனி கவுண்டர்கள் திறப்பார்கள். வரிசையில் நின்றவர் தம் கால் வலித்து நின்றார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவர் முதுகு வலிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

ஒரு நாள் போனஸ்

2025-ல் படிவங்களில் நிறைய மாற்றம் செய்ததால், மே மாதமே கெடுவை செப்டம்பர் 15-க்குத் தள்ளி விட்டார்கள். ஆவணி கடைசி. ‘ஆடி போகட்டும்’ அண்ணனுக்குக் கொண்டாட்டம்! ஒன்றரை மாதம் கூடுதலாகக் கிடைத்ததே, இந்த முறையாவது முன்னால் வருவார்கள் என்று பார்த்தால், ஊகூம்!

செப்டம்பர் 15, திங்கட்கிழமை. அதற்குள் “30-ந் தேதி வரை நீட்டித்து விட்டார்கள்” என்று ஒரு புரளி செல்போன்களில் பறந்தது. அது பொய்ச் செய்தி என்று துறையே மறுப்பு வெளியிட்டது. இணையதளம் நகரவில்லை என்று நாலா பக்கமிருந்தும் புகார். அன்று வரை 7 கோடியே 30 லட்சத்துக்கு மேல் கணக்குகள் வந்து விட்டன. முந்திய ஆண்டின் எண்ணிக்கையையும் தாண்டி விட்டது.

நள்ளிரவு நெருங்கும் போது ஓர் அறிவிப்பு வந்தது. கெடு ஒரே ஒரு நாள் நீட்டிப்பு! செப்டம்பர் 16 வரை.

அறிவிப்பிலேயே இன்னொரு வரியும் இருந்தது. நள்ளிரவு 12 மணி முதல் 2.30 மணி வரை, புதிய தேதியை ஏற்றுவதற்காக இணையதளத்தை மூடி வைப்பார்களாம். பாதி நிரப்பிய கணக்குகளோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, விளக்கை அணைத்து விட்டு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. கடைசி மின்சார ரயிலுக்கு ஓடியவர்கள் ஓடினார்கள். மற்றவர்கள் மேஜை மேல் தலை சாய்த்தார்கள்.

16-ந் தேதியும் முடிந்தது. அதற்குப் பிறகும் டிசம்பர் 31 வரை அபராதத்தோடு கணக்குக் கொடுக்க வழி இருந்தது. ஆகவே, 17-ந் தேதி காலையிலும் மஞ்சள் பையோடு ஆள் வரத்தான் செய்வார்.

“நேத்தோட முடிஞ்சு போச்சாமே, சார்?”

“ஆமாங்க. உட்காருங்க. படிவம் 16 கொண்டு வந்தீங்களா?”

“அது ஆபீஸ்ல இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்.”